அடுப்படிக்கும் வெளிச்சம் வேண்டும்

புதுவீடு கட்டுவோரும் பழைய வீட்டைத் திருத்துவோரும் முதலில் முன்புறத்தையே எண்ணுகின்றனர். விறாந்தைக்கு மினுங்கும் தரையோடு பதிப்பர். வாசற்கதவுக்கு நல்ல மரம் தேடுவர். மதிலுக்கு நிறம் தீட்டுவர். இவையெல்லாம் முடிந்தபின், எஞ்சிய பணத்தையும் எஞ்சிய சீமெந்தையும் கொண்டு குசினியைத் தொடுவர். விருந்தினர் காணாத இடந்தானே என்பது அதற்குக் கூறப்படும் நியாயம். ஆனால், வீட்டுப் பெண்கள் விழித்திருக்கும் பொழுதின் பெரும்பகுதி கழிவது விருந்தினர் காணாத அந்த இடத்திலேதான். அங்கே காற்று எப்படி இருக்கிறது, வெளிச்சம் எப்படி இருக்கிறது, நிற்கவும் இருக்கவும் வசதி உண்டா என்பன வீட்டுத் திருத்தத்தின் கணக்கில் வருவதே இல்லை.

வடமராட்சியிலுள்ள எங்கள் வீடு என் பாட்டனார் காலத்தது. அக்கால வழக்கப்படி குசினி பெருவீட்டிலிருந்து சற்று விலகி, தனிக் கொட்டிலாக இருந்தது. ஓலைக் கூரை நெருப்புப் பற்றினால் வீடு தப்பவேண்டும் என்ற முன்யோசனையே அதற்குக் காரணம். மண்சுவர் இடுப்பளவே எழுந்திருக்கும். அதற்குமேல் மட்டை வரிச்சு. கூரையோ கிடுகு. புகை வரிச்சின் இடைவெளியாலும் கிடுகின் ஊடாகவும் கசிந்து வெளியேறிவிடும். போகும்போது கிடுகைப் பூச்சி அரிக்காமலும் காத்துவிட்டுப் போகும். வறுமையின் கட்டடமென்று இன்று நாம் எண்ணும் அந்தக் கொட்டிலிலே ஓர் ஒழுங்கு இருந்தது.

பின்னர் வசதி வந்தது. சுவர் கல்லாயிற்று, கூரை ஓடாயிற்று, கள்வருக்கும் மழைக்கும் அஞ்சி யன்னல் சிறிதாயிற்று. குசினி பெருவீட்டோடு இணைக்கப்பட்டது. எல்லாம் திருத்தமே. ஆனால், அடுப்பு மட்டும் பழைய அடுப்பாகவே இருந்தது. அதன் புகைக்கு இருந்த வழி அடைபட்டுப் போயிற்று. எங்கள் வீட்டில் மட்டுமன்று, குடாநாட்டின் பல வீடுகளிலும் நடந்தது இதுவே. வீடு உயர்ந்தது, அடுப்படியில் நின்றவளின் மூச்சுக்கு இடம் குறைந்தது.

என் தாயார் அவ்வடுப்படியில் ஐம்பது ஆண்டுகள் சமைத்தவர். விறகுப் புகையால் கண் சிவப்பதையும் விடியற்காலையில் இருமுவதையும் அவர் ஒரு நோயாகக் கருதியதில்லை. சமையலோடு கூடவே வருபவை என்றே கொண்டிருந்தார். 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இருமல் கடுத்து, படியேறவும் இயலாத மூச்சிரைப்பு வந்தபோதுதான் வைத்தியரிடம் சென்றார். வைத்தியர் முதலிற் கேட்ட கேள்வி, “அம்மா, புகை பிடிப்பவர்கள் வீட்டில் யாரேனும் உண்டா?” என்பது. ஒருவருமில்லை என்றோம். இரண்டாவதாக, “எதிற் சமைக்கிறீர்கள்?” என்று கேட்டார். எங்களிடம் வேறு விடை கேட்க அவருக்குத் தேவைப்படவில்லை.

விறகு முற்றாக எரிந்தால் பெரும்பாலும் நீராவியும் கரியமில வாயுவுமே எஞ்சும். காற்றுப் போதாமலோ ஈரமாகவோ எரியும்போதுதான் கரும்புகையும், நஞ்சாகிய காபனோரொட்சைட்டும், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும் எழுகின்றன. இந்நுண்துகள்களுள் மிகத் தீயன இரண்டரை மைக்குரோன் அளவினும் சிறியவை. எமது தலைமயிர் ஒன்றின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத அவை, மூக்கு மயிரையும் தொண்டைச் சளியையும் கடந்து நுரையீரலின் அடிவரை சென்று தங்கும். நாட்பட்ட சுவாசநோய், கண்ணில் வெண்புரை, குழந்தைகளுக்கு நியூமோனியா என்பன இதனால் மிகுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்குச் செய்த கணிப்பின்படி, வீட்டினுள் எழும் இத்தகைய புகையால் உலகெங்கும் அவ்வாண்டில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 2 இலட்சத்து 37 ஆயிரம் பேருக்கு மேல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இது தூரத்து நாடுகளின் செய்தியன்று. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்போது எமது நாட்டு வீடுகளுள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன.

செய்தியறிந்த லண்டனிலுள்ள என் தம்பி உடனே ஒரு திட்டம் கூறினான். பழைய குசினியை இடித்துவிடுவது. படங்களிற் காண்பதுபோல வெள்ளைத் தரையோடும் கண்ணாடி அலுமாரியும் வைத்துப் புதிதாகக் கட்டுவது. விறகடுப்பை ஒழித்து எரிவாயு அடுப்பு வாங்குவது. செலவு அவனுடையது. தாய்மீது கொண்ட அன்பினாற் கூறிய திட்டம். நானும் என் கணவரும் அதற்கு இணங்கும் நிலையிலேயே இருந்தோம்.

அவ்வாண்டு நவம்பரிலும் டிசம்பரிலும் நாட்டின் பல பாகங்களிலே எரிவாயு அடுப்புகளும் இணைப்புகளும் வெடித்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சிலிண்டரில் அடைக்கப்படும் புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் விகிதம் மாற்றப்பட்டமை பற்றியும், கசிவை உணர்த்தும் மணப்பொருள் போதாமை பற்றியும் பேசப்பட்டது. ஆராயக் குழு அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அந்த எரிவாயுவும் இல்லாமற் போயிற்று. இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி இல்லை. 2022 மார்ச் 31ஆம் திகதி மின்வெட்டு 13 மணித்தியாலமாயிற்று. ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்தியது. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியாற் பிணைத்து வீதியோரத்தில் வரிசையாக வைத்துவிட்டு மக்கள் நாட்கணக்கிற் காத்திருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார். ஓகஸ்ட் மாதத்தில் 87 ரூபாவாயிருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 340 ரூபாவாயிற்று. கொழும்பிலே அடுக்குமாடியில் வாழும் எங்கள் உறவினர், விறகு மூட்டவும் இடமின்றிப் பாண் வாங்கி உண்டு நாட்களைக் கழித்தனர்.

எங்கள் வீட்டில் அடுப்பு ஒருநாளும் அணையவில்லை. பனையும் தென்னையும் உள்ள வளவு. காவோலை, பனைமட்டை, பன்னாடை, ஊமல், தென்னம்பாளை, பொச்சுமட்டை, சிரட்டை என்று வளவே விறகுகாலையாக இருந்தது. அயலில் இரண்டு வீட்டார் எங்கள் அடுப்பில் வந்து சமைத்துச் சென்றனர். தாயாருக்கு இது புதிய அனுபவமன்று. 1990ஆம் ஆண்டில் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தது; மண்ணெண்ணெயும் அருமையாயிற்று. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் இட்டு, சிறிதளவு எண்ணெயில் விளக்கெரித்து, அவ்வொளியிற் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். அக்காலத்தில் எம்மைக் காத்தது அந்த விறகடுப்பு. ஆதலால், இடிக்கும் பேச்சு எழுந்தபோது தாயார் கூறியது ஒரே வசனம்:

“புகை போனாற் காணும் பிள்ளை. நெருப்பைப் போக்கிப் போடாதேங்கோ.”

இதைவிட நல்ல திட்டத்தை எந்தக் கட்டடக் கலைஞரும் எமக்கு வரைந்து தந்திருக்கமுடியாது. நாம் நீக்கவேண்டியது புகை, விறகு அன்று. மரம் தானே உதிர்த்த ஓலையையும் மட்டையையும் எரிப்பதால் மரம் அழிவதில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் உதிர்க்கும். அதுவும் சூரியன் இலையிற் சேமித்துவைத்த சக்தியே. கப்பலில் வரும் எரிபொருளுக்கு நாம் அடிமையாகலாகாது என்று பேசுவோர், தம் வளவில் உக்கிப்போகும் எரிபொருளை இழிவென்று தள்ளுவது பொருந்தாது. ஆனால், அதனை எரிப்பவளின் நுரையீரலை விலையாகக் கொடுத்து எரிப்பதும் பொருந்தாது.

தம்பியோடு பலமுறை தொலைபேசியில் வாதாடினோம். தாய் விறகோடு மாரடிப்பதா என்பது அவன் கேள்வி. ஈற்றில் ஓர் ஒழுங்குக்கு வந்தோம். முதலில் காற்று, இரண்டாவது அடுப்பு, மூன்றாவது வெளிச்சம், அதன்பின் சூரிய மின்சாரம். பணம் மிஞ்சினால் தரையோடு.

காற்றுக்கு வழிசெய்யுமுன் காற்று எங்கிருந்து வருகிறதென்று அறியவேண்டும். எமது பகுதியில் வைகாசி முதல் புரட்டாதிவரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். எங்கள் குசினியின் ஒரே யன்னல் தெற்கே இருந்தமையால், சோளகக் காலத்தில் புகை வெளியேறாமல் உள்வீட்டுக்குத் தள்ளப்பட்டது. எதிர்ச்சுவரில் கூரைக்குச் சற்றுக் கீழே நீளமான காற்றுவழியொன்று திறந்தோம். அடுப்புக்குமேல் கூம்புபோன்ற மூடி அமைத்து, அதிலிருந்து புகைக்கூட்டை எழுப்பினோம். சூடான காற்று பாரம் குறைந்தது, ஆதலால் மேலெழும். கூடு உயர உயர இழுவிசை மிகும். முகட்டினும் தாழ்வாக நின்றால் காற்று சுழன்று புகையைத் திரும்பக் கீழே அழுத்தும். எனவே கூட்டின் வாயை முகட்டுக்குமேல் இரண்டடிக்குக் குறையாமல் உயர்த்தி, மழை புகாதபடி தொப்பி இட்டோம். எமது மேசன் இதனைச் செவ்வனே விளங்கிக்கொண்டார். ஆண்டுக்கு இருமுறையேனும் கூட்டின் உள்ளே படியும் கரியை வழித்தெடுக்க ஒரு சிறு கதவும் வைத்துத் தந்தார்.

இங்கே எரிவாயு பாவிப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். புகை மேலே போகும். சிலிண்டர் வாயுவோ காற்றினும் பாரமானது. கசிந்தால் நிலத்தில் நீர்போற் பரவித் தேங்கும். உயரத்து யன்னல் அதனை வெளியேற்றாது. சிலிண்டரை வெளியே நிழலில் வைத்தலும், தரையோடு ஒட்டிய சுவரில் ஒரு துவாரம் விடுதலும் எவ்வளவு சிறிய குசினியிலும் செய்யக்கூடியவை.

அடுப்பு அடுத்தது. மூன்று கல்லின்மேல் பானையை ஏற்றி எரிக்கும்போது, விறகிலுள்ள வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே பானைக்குப் போய்ச் சேர்கிறது. ஏனையது சுவருக்கும் சமைப்பவளின் முகத்துக்கும் போகிறது. 1980களில் எமது நாட்டில் உருவாக்கப்பட்ட ‘அனகி’ என்னும் களிமண் அடுப்பைப் பலர் அறிவர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு விலைமதிப்பற்றது என்று பொருள். ஒரே வாயில் விறகிட, முதற்பானையைச் சூடாக்கிய சுவாலை உள்வழியாகச் சென்று இரண்டாம் பானையையும் சூடாக்கும். நெருப்பு அடைபட்டு எரிவதால் விறகு மிச்சம். முகத்தில் அனலும் குறைவு. கிராமத்துக் குயவர் செய்வது, விலையும் மிகையன்று. சுற்றிலும் மண்ணால் மெழுகி அணைத்துவிட்டால் வெப்பமும் தங்கும், அடுப்பும் நெடுநாள் உழைக்கும். அத்தகைய ஒன்றைத் தரையிலிருந்து உயர்த்தி, தாயார் குனியாமல் நிற்கும் அளவுக்கு மேடைகட்டி வைத்தோம். மேடையின் உயரத்தை அளந்தது நாடாவால் அன்று. அவரையே நிற்கச்செய்து, முழங்கையை மடித்து, அதற்கு அரைச்சாண் கீழே சுவரில் கரிக்கோடு இழுத்தோம்.

அளப்பதிலே என் மகனுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. ஒரு சனிக்கிழமை முற்பகலில், அம்மம்மா குசினி வாசற்படியை எத்தனை தரம் கடக்கிறார் என்று அவன் திண்ணையிலிருந்து எண்ணினான். நாற்பத்தாறு தரம். தண்ணீர்க் குழாய் வெளியே, அம்மி பின்விறாந்தையில், அரிசிப்பெட்டி உள்ளறையில். உலையும் கறியும் குசினியில். 1926ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரிலே மாகரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி என்னும் ஒஸ்திரிய நாட்டுப் பெண் கட்டடக் கலைஞர், தொழிலாளர் குடியிருப்புகளுக்காகச் சமையலறை வரைந்தபோது இவ்வாறுதான் தொடங்கினார். நடக்கும் அடிகளையும் செல்லும் நிமிடங்களையும் கணக்கெடுத்து, ஏறத்தாழ ஆறடி அகலமும் பதினோரடி நீளமும் உள்ள அறைக்குள் எல்லாவற்றையும் கையெட்டும் தூரத்தில் அமைத்தார். அத்தகைய சமையலறைகள் பதினாயிரம் வரையில் அங்கே கட்டப்பட்டன. இன்று உலகெங்கும் காணும் பொருத்து அலுமாரிச் சமையலறைக்கு அதுவே மூதாதை.

எனினும், அவ்வறை ஒருத்தி தனியே நின்று சமைப்பதற்கு வரையப்பட்டது. எங்கள் குசினியிலோ ஒருவர் தேங்காய் துருவ, ஒருவர் கீரை ஆய, பிள்ளையொன்று பக்கத்திலிருந்து பாடம் படிக்கும். ஆகவே, அடி எண்ணும் அறிவை மட்டும் பெற்றுக்கொண்டு, அறையின் ஒடுக்கத்தை விட்டுவிட்டோம். குழாயையும் கழுவும் தொட்டியையும் உள்ளே கொண்டுவந்தோம். கழிவுநீர் வாழையடிக்குப் போகிறது. அரிசிப்பெட்டி அடுப்புக்கு எதிரே வந்தது. நடுவில் துருவலைக்கும் இருவருக்கும் இடம் விட்டோம். வேலை முடிந்தபின் மகன் மீண்டும் எண்ணினான்: ஒன்பது தரம்.

வெளிச்சத்துக்குச் செலவானது மிகக் குறைவு. கூரையில் நான்கு ஓடுகளை அகற்றிக் கண்ணாடி ஓடு பதித்தோம். பகலில் மின்குமிழ் எரிக்கவேண்டிய அவசியமே இல்லாமற் போயிற்று. இதைச் செய்ய ஐம்பது ஆண்டு ஏன் எடுத்தது என்று எவருக்கும் விளங்கவில்லை.

ஈற்றில் சூரிய மின்சாரம். சூரியனை வீட்டுவேலைக்கு அழைப்பது எமக்குப் புதிதன்று. ஒடியல் காய்வதும், பினாட்டுப் பாயில் படர்ந்து உலர்வதும், மோர்மிளகாய், வடகம், புளி, கருவாடு, புழுங்கல் நெல் யாவும் பதமாவதும் அவன் செலவிலேதான். முற்றத்தில் நின்ற அவ்வேலையாளை இப்போது கூரைமேல் ஏற்றினோம், அவ்வளவே. அதற்கும் நெருக்கடியே வழிகாட்டிற்று. ஒன்பது ஆண்டுகள் உயராதிருந்த மின்கட்டணம் 2022 ஓகஸ்ட் மாதத்தில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. பின்னர் அது இறங்கியும் ஏறியும் வருகின்றது. கூரைமேற் சூரிய மின்சாரத்தை ஊக்குவிக்கும் அரச திட்டம் 2016ஆம் ஆண்டிலிருந்தே இருந்தபோதிலும், பலர் விழித்தது இக்கட்டணங்களைக் கண்டபின்புதான்.

மாணவர்க்குப் பயன்படுமாதலால் கணக்கைச் சிறிது விரித்துரைக்கிறேன். ஒரு கிலோவாற்று வலுவுள்ள தகடுகள் எமது வரண்ட வலயத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 4 அலகு மின்சாரம் தரும். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகை 40 கலை அளவில் இருப்பதால், தகடுகளைத் தெற்குநோக்கிப் பத்துப் பாகை சாய்த்து வைத்தால் நல்ல பயன் கிடைக்கும். மழை விழுந்து தூசும் கழுவப்படும். நாங்கள் இட்டது 3 கிலோவாற்று. ஆகவே நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 அலகு. ஐவருக்கான சோறு மின்பானையில் ஆவதற்கு அரை அலகு. மூன்று கறி மின்அடுப்பில் ஆவதற்கு ஓர் அலகு. மதியச் சமையல் முழுவதும் இரண்டு அலகுக்குள் அடங்கிவிடுகிறது.

இவ்விடத்தில் எமது வழக்கமே எமக்கு உதவியாகிறது. மேலைநாட்டார் பெருஞ்சமையலை மாலையிற் செய்வர். நாமோ மதியத்துக்கே உலைவைக்கிறோம். சூரியன் உச்சிக்கு ஏறும் நேரமும் எமது உலை கொதிக்கும் நேரமும் ஒன்றே. நாட்டுக்கும் இது நன்மை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு இடறிவிட, நாடு முழுவதும் இருண்டதை நினைவிற் கொள்க. விடுமுறைநாளின் பகலில் மின்பாவனை குறைந்தும் சூரிய மின்சாரம் மிகுந்தும் இருந்தமையால், அத்தடுமாற்றத்தை மின்வலைப்பின்னலால் தாங்க இயலவில்லை. அவ்வாண்டின் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைத் தகடுகளைப் பிற்பகல் மூன்று மணிவரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. சூரியன் தருவதை அவன் தரும் நேரத்திலேயே பயன்படுத்தும் வீடு, தனக்கும் நாட்டுக்கும் உதவி செய்கிறது.

வாங்க எண்ணுவோர் அறியவேண்டிய இரண்டு செய்திகள் உள. முதலாவது: மின்வலைப்பின்னலோடு இணைக்கப்பட்ட தகடு, பற்றரி இல்லாவிடின், மின்வெட்டு நேரத்தில் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலைசெய்யும் தொழிலாளியைக் காக்கவே அவ்வாறு அமைத்துள்ளனர். சூரியன் எரித்துக்கொண்டிருக்க வீடு இருண்டு கிடப்பதைக் கண்டு ஏமாற்றமடைந்தோர் பலர். பெரிய பற்றரிக்கு எம்மிடம் வசதியில்லை. எனவே, சிறிய தகடொன்றும் சிறிய பற்றரியொன்றும் தனியே வைத்து, குசினிக்கும் மகனின் மேசைக்கும் எல்.ஈ.டி. விளக்கு இரண்டு பொருத்தினோம். இருட்டினால் அவை எரியும். இரண்டாவது: காந்தவிசையால் வெப்பமூட்டும் மின்அடுப்பில் மண்சட்டியும் அலுமினியச் சட்டியும் சூடேறா, காந்தம் ஒட்டும் அடிப்பாகம் வேண்டும். சட்டிபானை முழுவதையும் மாற்றவேண்டிவருமா என்று காந்தத் துண்டொன்றால் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நன்று. மீன்குழம்பு எங்கள் வீட்டில் இன்றும் மண்சட்டியில், விறகடுப்பிலேதான்.

மாடு வளர்ப்போருக்கு இன்னொரு வழியும் உண்டு. எங்கள் அயலவர் ஒருவர் நான்கு மாடுகளின் சாணத்தை அதே அளவு நீரிற் கரைத்து, நிலத்தினுள் கட்டிய குவிமாடத் தொட்டியில் விடுகிறார். காற்றுப்புகாத அத்தொட்டியில் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்க, எரியக்கூடிய மெதேன் வாயு உண்டாகிறது. ஒரு கிலோ சாணம் ஏறத்தாழ 40 லீற்றர் வாயு தரும். பசுவொன்று நாளுக்குப் பத்துக்கிலோ இட்டால், நான்கு மாட்டுச் சாணத்தில் ஒரு குடும்பத்தின் சமையல் நடக்கும். வெளிவரும் கரைசல் தோட்டத்துக்கு உரம். புகை அறவே இல்லை. 2022இல் அவர் வீட்டு அடுப்பில் நீலச் சுவாலை ஒருநாளும் குறையவில்லை.

இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டுமே என்று வாசகர் பலர் கேட்பர். நியாயமான கேள்வி. வெளிநாட்டில் தம்பி இல்லாதோர் செய்யக்கூடியனவும் உள. விறகை வெட்டியவுடன் எரிக்காமல், மழை படாத இடத்தில் மாதக்கணக்கில் உலரவிட்டால் புகையில் பெரும்பகுதி குறையும். பருப்பையும் கடலையையும் முதல்நாள் ஊறவிட்டால் எரியும் நேரம் குறையும். உலைமூடி இட்டுச் சமைத்தல், இரண்டு கண்ணாடி ஓடு பதித்தல், அடுப்பை யன்னலுக்கு அருகே நகர்த்துதல், புகைவேளையில் கைக்குழந்தையை அடுப்படிக்குக் கொண்டுசெல்லாதிருத்தல் ஆகியன ஏழை எளியோருக்கும் இயலும். மண்ணால் ஓர் அடுப்பும், தகரத்தால் ஒரு புகைக்கூடும் கட்டிக்கொள்ள ஒரு வாரக் கூலி போதும்.

எங்கள் வீட்டில் தரையோட்டுக்குப் பணம் மிஞ்சவில்லை. சீமெந்துத் தரையே இருக்கிறது. தாயாரின் நுரையீரல் இழந்ததை முழுவதும் மீட்கமுடியாதென்று வைத்தியர் கூறிவிட்டார். மருந்தும் தொடர்கிறது. ஆயினும், விடியற்கால இருமல் பாதியாயிற்று. தைப்பொங்கலன்று கோலமிட்டு எழுந்தபோது மூச்சு வாங்கவில்லை. வெள்ளையடித்த சுவர் ஓராண்டின் பின்னும் வெள்ளையாகவே இருந்தது. அச்சுவரைத் தொலைபேசியிற் படம்பிடித்துத் தம்பிக்கு அனுப்பினோம். ‘குசினி எங்கே?’ என்று கேட்டு எழுதினான். அவன் நினைவிலிருந்த குசினிக்குக் கருஞ்சுவர் அன்றோ!

வீடு திருத்த எண்ணுவோருக்கு ஒன்று கூறுவேன். மேசனை அழைக்குமுன், படங்களைப் பார்க்குமுன், அந்த அடுப்படியில் நாளும் நிற்பவரைக் கேளுங்கள். எங்கே கண் எரிகிறது, எங்கே முதுகு நோகிறது, எங்கே இருட்டாயிருக்கிறது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் இல்லை. பெரும்பாலும் அவரை எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். மாணவர்களே, நீங்களும் ஒரு விடுமுறைநாளில் ஒரு மணிநேரம் குசினியில் இருந்து பாருங்கள். அங்கே புகை எந்தப் பக்கம் போகிறதென்று கண்டுபிடித்து, அன்று மாலையே தந்தையாரிடம் சொல்லுங்கள்.